முதல் வளைவில் நடப்பது என்ன?

கோலா சுங்கை பாருவிலிருந்து கடலோரமாக வடக்கே போனால், போர்ட்டிக்சனைத் தாண்டியதும் செப்பாங். அங்கே நடைபெறும் மோட்டோஜிபி பந்தயம் 20 சுற்று. ஆனாலும் பலருடைய வெற்றியும் தோல்வியும் முதல் இரண்டு மூன்று சுற்றுகளிலேயே முடிவாகி விடுகின்றன.

சிவப்பு விளக்கு அணைந்ததும், வரிசைக்கு மூவராக நிற்கும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் பாய்வார்கள். நம் வீட்டுக் கப்சாய் அல்ல அது, 1000 சிசி! முறுக்கினால் முன்சக்கரம் எழும்பிவிடும். அதனால் புறப்படுமுன் முன்பக்க சஸ்பென்ஷனை அமுக்கிப் பூட்டி வைக்கிறார்கள். முதல் வளைவில் பிரேக் பிடித்ததும் பூட்டு விடுபடும்.

செப்பாங்கில் முதல் வளைவு வலப்பக்கம், ஒட்டினாற்போல் அடுத்தது இடப்பக்கம். முதலாவதில் வெளியே நின்றவருக்கு அடுத்ததில் உள்வழி கிடைக்கும். எல்லாரும் அதற்குத்தான் முண்டுவார்கள். 2024 நவம்பரில் மில்லர், பிண்டர், குவார்ட்டராரோ மூவரும் அந்த இரண்டாம் வளைவில் விழ, பந்தயமே நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது பாஞாயாவும் மார்ட்டினும் மாறி மாறி முந்தினர், வென்றவர் பாஞாயா.

பின்னால் பொறுமையாகப் போனால் என்ன? முன்னே செல்லும் வண்டிகளின் வெப்பக்காற்று முன் டயரைச் சூடாக்கும், உள்ளே காற்றழுத்தம் ஏறும், பிடிப்பு குறையும். நம் நாட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம்.

நெருக்கத்துக்கும் விலையுண்டு. 2011 அக்டோபர் 23-இல், இதே தடத்தில், இரண்டாவது சுற்றில் இத்தாலிய வீரர் மார்கோ சிமொன்செல்லி சறுக்கி விழுந்தார். பின்னால் வந்த இருவரின் வண்டிகள் அவர்மீது மோதின. 24 வயதில் அவர் உயிரிழந்தார். அன்றைய பந்தயம் கைவிடப்பட்டது.