வண்டி ஓடும்வரைதான் வீடு

நெவாடா மாநிலத்தின் எம்பயர், ஜிப்சம் ஆலையை நம்பியே வாழ்ந்த சிற்றூர். வீடுகளும் ஆலை நிர்வாகத்துக்கே சொந்தம். 2011 ஜனவரியில் ஆலையை மூடினார்கள். பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை குடும்பங்களுக்கு அவகாசம் கிடைத்தது. கோடை வந்தபோது தெருக்கள் காலி. ஊரின் அஞ்சல் குறியீடும் ரத்து. 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்ற ‘நோமேட்லேண்ட்’ இந்த ஊரிலிருந்துதான் புறப்படுகிறது. படம் பார்த்தவர்கள் பாலைவனத்து அந்தி வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். எனக்கு அந்த அஞ்சல் குறியீடுதான் மனதைவிட்டு அகலவில்லை. முகவரி போன பிறகு ஒரு மனிதருக்கு வயதாவது எப்படி இருக்கும்?

ஆர்வி என்கிற வீட்டு வண்டியிலேயே ஆண்டு முழுவதும் குடியிருந்து, வேலை கிடைக்கும் ஊருக்கெல்லாம் ஓட்டிச் செல்பவர்களை அமெரிக்காவில் ‘வொர்க்கேம்பர்’ என்கிறார்கள்; அவர்களில் பலர் முதியவர்கள். அவர்களுடைய காலண்டர் பருவங்களால் ஆனது. கோடையில் காட்டுப் பகுதி முகாம்களில் காவலும் கழிப்பறைச் சுத்தமும். செப்டம்பர் கடைசியில் மினசோட்டாவுக்கும் வடக்கு டகோட்டாவுக்கும் இடையே உள்ள ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் சர்க்கரைப் பீட்ரூட் அறுவடை. அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வெயில் ஏறினால் குவியலில் கிழங்கு அழுகும் என்று வேலையை நிறுத்துவார்கள். மண் உறைந்தாலும் நிறுத்துவார்கள். நின்ற நேரத்துக்குக் கூலியை எதிர்பார்க்க முடியாது. அதன் பிறகு, பல ஆண்டுகளாக, கிறிஸ்துமஸ் வரைக்கும் கிடங்கு வேலை இருந்தது.

கிடங்கு வேலைதான் இந்தக் கதையின் மையம். 2008இல் கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில் என்ற சிறு நகரத்தில், பண்டிகைக் கால ஆர்டர்களைச் சமாளிக்க ஆள் போதாமல், ஒரு பெரிய இணைய விற்பனை நிறுவனம் ஆர்வி வாசிகள் சிலரை எடுத்துப் பார்த்தது. ஏற்பாடு எளிமையானது. மணிக்கணக்கில் கூலி, பக்கத்து முகாமில் வண்டி நிறுத்த இடம், மின்சாரமும் தண்ணீரும் நிறுவனத்தின் செலவு. பருவம் முடியும்வரை விலகாமல் இருந்தால், வேலை செய்த ஒவ்வொரு மணிக்கும் சிறு போனஸ். பிறகு கென்டக்கியின் கேம்ப்பெல்ஸ்வில், நெவாடாவின் ஃபெர்ன்லி என்று பரவி, ஆயிரக்கணக்கானோர் போய்வந்த பாதையாக அது பல ஆண்டுகள் இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். எழுபதைத் தாண்டியவர்களும் உண்டு.

அங்கே வேலை பத்து மணி நேரம், வாரத்தில் நான்கு நாளாக இருந்தது. நெருக்கடி வாரங்களில் ஓவர்டைம் கட்டாயம். கையில் ஸ்கேனர். எந்த வரிசை, எந்த அடுக்கு, எந்தப் பெட்டி என்று அது சொன்னது. போய் எடுத்து, பார்கோடைக் காட்டி, பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்கு நடக்க வேண்டியிருந்தது. எல்லாம் கான்க்ரீட் தரையில். ஒரு ஷிப்டில் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தவர்கள் ஏராளம். கீழ்த்தட்டில் இருப்பதை எடுக்க உட்கார வேண்டியிருந்தது, மேல்தட்டுக்கு எம்ப வேண்டியிருந்தது. உடம்பு பழகட்டும் என்று முதல் சில நாட்கள் அரை ஷிப்ட் மட்டும் கொடுத்தார்கள். ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் நின்று கைகால்களை நீட்டி மடக்கும் பயிற்சி. வலி மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. அந்த மாத்திரையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. வலி வரும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்ட வேலை அது.

ஷிப்ட் முடிந்து திரும்பினால் இன்னொரு வேலை காத்திருந்தது. ஆர்வி கோடைக்காகக் கட்டப்பட்ட பண்டம். சுவர் மெல்லியது, குழாய்கள் அடிப்பக்கத்தில் ஓடுகின்றன. டிசம்பர் இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனால் தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும். அதனால் சூடேற்றும் பட்டையைச் சுற்றி, வண்டியின் அடிப்பகுதியை ஃபோம் அட்டையால் மூடி, புரொப்பேன் சிலிண்டரைக் கண்காணித்துக்கொண்டே தூங்க வேண்டும். ஜன்னலில் மூச்சுக்காற்று நீராக வழியும். கழிவுத் தொட்டி நிரம்பினால் அதையும் தாங்களே காலி செய்ய வேண்டும்.

ஏன் இந்த வயதில் இப்படி என்று கேட்டால், கணக்கு தாளில் எழுதிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவானது. அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 2024இல் சராசரியாக மாதம் 1,900 டாலர் அளவில்தான் இருந்தது. சராசரிக்குக் கீழே இருப்பவர்கள், குறிப்பாகப் பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண்கள், இதில் பாதியோடும் வாழ்கிறார்கள். 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. பணமுடை தாங்காமல் 62இலேயே வாங்கத் தொடங்கினால் 30 சதவீதம் குறையும். அந்தக் குறைவு ஆயுள் முழுக்கத் தொடரும். வாடகையையும் வீட்டு வரியையும் இதில் கட்ட முடியாதவர்கள், கட்ட வேண்டியதில் பெரியதை விட்டுவிடுகிறார்கள். அது வீடு.

விரும்பித்தான் வந்தோம், கடனில்லாமல் இருக்கிறோம், மாலையில் நெருப்பைச் சுற்றி உட்கார நண்பர்கள் இருக்கிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் என் கவலை அவர்கள் நன்றாக இருக்கும் நாட்களைப் பற்றியது அல்ல.

நிலையான வீடு இல்லாதவருக்கும் சட்டப்படி ஒரு முகவரி வேண்டும். தெற்கு டகோட்டா மாநிலம் இதற்கு வழி வைத்திருக்கிறது. அங்கே ஒரே ஓர் இரவு தங்கிய ரசீதும், கடிதங்களை வாங்கி அனுப்பும் நிலையத்தில் ஒரு பெட்டி எண்ணும் இருந்தால் ஓட்டுநர் உரிமம் கிடைக்கும். மாநில வருமான வரியும் இல்லை. அதனால் ஆயிரக்கணக்கான நாடோடி முதியவர்கள் காகிதத்தில் தெற்கு டகோட்டாக்காரர்கள். 2023இல் அந்த மாநிலம் வாக்காளராகப் பதிய 30 நாள் வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. வண்டி ஓட்ட ஓர் இரவு போதும், வாக்களிக்க முப்பது நாள் வேண்டும்.

வாக்கைவிட மருத்துவம் எனக்குப் பெரிய பயம். 62இல் ஓய்வூதியம் வாங்கலாம். முதியோருக்கான அரசின் மெடிகேர் காப்பீடு 65இல்தான் தொடங்கும். நடுவிலுள்ள மூன்று ஆண்டுகளுக்கு, வசிக்கும் மாவட்டத்தை வைத்து விற்கப்படும் தனியார் காப்பீடுதான் பலருக்கும் கதி. எந்த மாவட்டம்? பெட்டி எண் இருக்கும் மாவட்டம். ஆள் இருப்பதோ ஆயிரம் மைல் தள்ளி, வேலை கிடைத்த இடத்தில். 65 ஆன பிறகும் முழு நிம்மதி இல்லை. மெடிகேரில் பாதிப் பேருக்கு மேல் இப்போது தனியார் நிறுவனங்கள் நடத்தும் அட்வான்டேஜ் திட்டங்களில் இருக்கிறார்கள். மாதக் கட்டணம் குறைவு என்பதால், கையில் காசில்லாதவர்களுக்கு அதுதான் எட்டும். அவற்றில் பலவும் குறிப்பிட்ட பகுதியின் டாக்டர்களோடு கட்டப்பட்டவை. மாரடைப்பு வந்தால் எந்த ஊரிலும் சேர்த்துக்கொள்வார்கள். மூட்டு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது, மார்பில் ஒரு கட்டி தென்பட்டது என்றால்? மாதாமாதம் ஒரே டாக்டரைப் பார்க்க வேண்டிய நோய்கள் இவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநிலம் மாறுகிறவர், மறுபரிசோதனை நாள் வரும்போது வேறொரு அறுவடையில் நிற்பார். பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவார். கட்டி தள்ளிப்போடாது.

குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் இவர்கள் பெருங்கூட்டமாகக் கூடுகிறார்கள். செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அரசு நிலத்தில் தங்க, நீண்ட காலமாக 180 டாலர்தான் கட்டணமாக இருந்தது. மற்றபடி, பொது நிலங்களில் ஓரிடத்தில் 14 நாள் என்பதே வழக்கமான வரம்பு. அதற்குப் பிறகு நகர வேண்டும். தனியார் முகாம்களில் சில, பத்து வருடத்துக்கு மேல் பழையதான வண்டியை உள்ளே விடுவதில்லை. ஆக இந்த வாழ்க்கைக்கு, சாவியைத் திருப்பி ஓட்ட வலுவுள்ள ஒருவர் எப்போதும் வேண்டும். கண்ணில் புரை வளர்ந்தாலோ, கணவர்தான் ஓட்டுவார் என்றிருந்த வண்டியில் கணவர் இறந்துபோனாலோ என்ன செய்வது? படுத்த படுக்கையாகும் முதியவரின் நீண்ட காலப் பராமரிப்புக்கு மெடிகேர் பணம் தருவதில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்ட் தரும்; அது மாநிலவாரியான திட்டம். நீங்கள் எந்த மாநிலத்தவர் என்ற கேள்வி அங்கே திரும்பவும் வரும்.

டெக்சாஸின் லிவிங்ஸ்டனில், ஆர்வி வாசிகளின் சங்கம் ஒன்று இதற்கென ஒரு பராமரிப்பு மையத்தைத் தொடங்க உதவியது. ஓட்ட முடியாமல் போனவர் தன் வண்டியை அங்கே நிறுத்திவிட்டு அதிலேயே தொடர்ந்து வாழலாம். சமைத்த சாப்பாடு கிடைக்கும், துணி துவைத்துத் தருவார்கள், டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். பழகிய படுக்கையை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஒரே சமயத்தில் இடம் கிடைப்பது சில பத்து வண்டிகளுக்கு மட்டும். இந்த முதியவர்களின் உழைப்பு பண்டிகைக்குப் பண்டிகை நாடு முழுக்கத் தேவைப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, காஃபிவில்லிலும் கேம்ப்பெல்ஸ்வில்லிலும் ஃபெர்ன்லியிலும் அப்படி ஒரு மையம் ஏன் இல்லை என்று நான் கேட்கிறேன். இந்த நகரங்கள் ஒவ்வொன்றிலும் இருபது வண்டி நிறுத்த இடமும், ஒரு சமையலறையும், ஒரு செவிலியரும் போதும்.