கணுக்கால் இணைப்பும் வலி அறியாத பாதமும்



தேய்ந்துபோன கணுக்கால் மூட்டில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பை எடுத்துவிட்டு, கீழ்க்கால் எலும்பையும் பாதத்தின் மேலெலும்பையும் திருகாணிகளால் இறுக்கி, ஒரே எலும்பாக வளரவிடுவதே கணுக்கால் இணைப்பு அறுவை சிகிச்சை. அதன்பின் மூட்டு அசையாது, வலி அடங்கிவிடும். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எலும்பு ஒட்டிவிடுகிறது. பத்தாவது நபர் யாராக இருக்கக்கூடும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கலாம்.

முதலில் புகையிலை. அந்தியூர், பவானிப் பக்கம் அது விளையும் பூமி. பீடி பிடிக்காதவர்கூட ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, "மெல்லுவதுதானுங்களே" என்பார். நிகோடின் எந்த வழியாகப் போனாலும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இரத்தம் எட்டாத இடத்தில் எலும்பு கூடாது. சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, எலும்பு கூடும்வரை தொடாமலிருக்க வேண்டும்.

முன்பு சீழ் பிடித்த கால், தோலைக் கிழித்துக்கொண்டு முறிந்த எலும்பு, ஸ்டீராய்டு மாத்திரை, அதிக உடல் எடை ஆகியவையும் அபாயத்தைக் கூட்டும்.

எல்லாவற்றிலும் அதிகக் கவலை தருவது சர்க்கரை நோய். புண் ஆறத் தாமதமாகும், கிருமி எளிதில் தொற்றும் என்பது பலருக்கும் தெரியும். பாதத்தின் நரம்பு மரத்துப்போவதுதான் அதைவிட மோசம். வலி இல்லாததால் நோயாளி மாவுக்கட்டுடனேயே ஊன்றி நடந்துவிடுவார். உள்ளே திருகாணி முறியும், அவருக்குத் தெரியாது. கடைசியில் காலையே எடுக்க நேரிடலாம்.

இதை நமக்குப் புரியவைத்தவர் கொல்லிமலையில் 1914-இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவது நோயினால் தானாக அழுகி அல்ல, உணராத காயங்களாலேயே என்று கண்டறிந்தார். வலியை ஓர் ஈவு என்றே எழுதினார். மரத்த பாதத்துக்கு மாவுக்கட்டை ஏறக்குறைய இரு மடங்கு காலம் வைத்திருப்பது இன்றும் வழக்கம்.

ஆகையால் அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பாதத்தில் நாடித்துடிப்பையும் உணர்ச்சியையும் சோதிக்க வேண்டும். அறுவைக்குப் பின் பல வாரங்கள் அந்தக் காலை ஊன்றலாகாது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே, அதுவும் குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை என்றால் இது எளிதல்ல; நாற்காலிக் கழிப்பறையை முன்பே ஏற்பாடு செய்வது மருந்துக்குச் சமம். கட்டுக்குள் துர்நாற்றம், காய்ச்சல், கெண்டைக்காலில் புதிய வீக்கம் கண்டால் மறுநாள்வரை காத்திராமல் வர வேண்டும்.

எலும்பு நன்றாகக் கூடிய பின்னும், கணுக்காலின் வேலையைக் கீழேயுள்ள மூட்டுகள் சுமப்பதால் ஆண்டுகள் கழித்து அவை தேயலாம். பவானியில் குழித்தறியில் மிதிப்பலகை மிதிக்கும் ஜமக்காள நெசவாளி, தன் தொழிலை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பாதத்தை எந்தக் கோணத்தில் இணைப்பது என்பதை அறுவையின்போதே தீர்மானித்தாக வேண்டும். பிறகு மாற்றுவது கடினம்.