‘த்ரீ நாட் த்ரீ’யும் கரிப்புகையும்: பழைய துப்பாக்கி குறி தப்பாதது எப்படி?

கெடா தோட்டங்களில் அவசரகாலத்தைக் கண்ட பெரியவர்களிடம் துப்பாக்கி என்று பேச்செடுத்தால், முதலில் வரும் பெயர் ‘த்ரீ நாட் த்ரீ’தான். 1948 முதல் 1960 வரை தோட்டங்களைக் காவல் காத்த சிறப்புக் காவலர்களின் தோளில் தொங்கியது அது. அதற்கும் முன்பு, 1941 டிசம்பரில் ஜித்ராவில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற இந்தியப் படையினரின் கையிலும் அதுவே இருந்தது. 1955-இல் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பாலிங்கில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்த நாள்களிலும் அந்த நீளத் துப்பாக்கி தோட்டத்து மக்களுக்குப் பழகிய காட்சி.

அந்தத் தோட்டா 1888-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்தபோது அதற்குள் இருந்தது கருமருந்து என்பது பலருக்குத் தெரியாது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அதே பழைய மருந்து. கோவில் திருவிழாவில் அதிரும் வேட்டுக்குள் இருப்பதும் அதன் உறவுதான். சில ஆண்டுகளிலேயே, 1890-களின் தொடக்கத்தில், ‘கார்டைட்’ எனும் புகை குறைந்த மருந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்து மக்கள் பார்த்ததெல்லாம் கார்டைட் தோட்டாதான்.

கருமருந்து போனதற்குப் புகை மட்டும் காரணமல்ல. எரிந்த மருந்தின் எடையில் பாதிக்கும் மேல் வாயுவாக மாறாமல், கரியும் உப்புமாகத் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு வெளியே போகும், மீதி குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பூச்சு. ஐந்தாறு குண்டு போனதும் குழலின் உள்விட்டமே மாறிவிடும். முதல் குண்டு போன பாதையில் ஏழாவது குண்டு போகாது.

அந்தக் காலத்துப் பொறியாளர்கள் இதோடுதான் போராடினார்கள். குழலுக்குள் திருகு போல வரும் சுழல் வரிகள் ஆழமாகவும் கூர்மையான மூலைகளோடும் இருந்தால் கசடு அங்கேயே தங்கும். வில்லியம் எல்லிஸ் மெட்ஃபோர்டு என்பவர் வரிகளை ஆழமில்லாமல், மூலைகளை மழுக்கி வடிவமைத்தார். 1888-இன் லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கியில் ‘மெட்ஃபோர்டு’ என்ற பெயர் வந்தது இதனால்தான். கரிக்கு ஏற்ற அந்த ஆழமில்லாத வரிகளைக் கார்டைட்டின் சூடு அரித்துத் தின்றுவிட்டது. ஆகவே 1895-இல் ஐந்து ஆழமான வரிகளோடு லீ-என்ஃபீல்டு வந்தது. மருந்து மாறினால் துப்பாக்கியே மாற வேண்டியிருந்தது.

ராணுவம் கைவிட்ட கருமருந்தைச் சிலர் கைவிடவில்லை. அமெரிக்காவில் கருமருந்துத் தோட்டாத் துப்பாக்கிக்கென்றே இலக்குப் போட்டிகள் நடக்கின்றன. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராட்டன் நகருக்கு அருகே 1985-இல் இதற்கான தேசியப் போட்டி தொடங்கியது. ஷார்ப்ஸ், ரெமிங்டன் போன்ற 19-ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகள், அல்லது அவற்றைப் பார்த்துச் செய்தவை மட்டுமே அங்கே செல்லும். இலக்கு இரும்பில் வெட்டிய உருவங்கள். 200 மீட்டரில் கோழி, 300-இல் பன்றி, 385-இல் வான்கோழி, 500-இல் ஆட்டுக்கிடா. குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் மேடையிலிருந்து விழ வேண்டும்.

கோழியை நின்றபடி, எதிலும் சாய்க்காமல் சுட வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு குச்சிகளைக் கத்திரி போல் குறுக்கே கட்டி நட்டு, அதன்மேல் குழலை வைத்துக்கொள்ளலாம்.

பாலிங், சிக் பக்கம் செம்பனைக் கன்றைக் காட்டுப்பன்றி கிளறிப் போடும் கவலை உள்ளவர்களுக்கு இந்தத் தூரங்கள் வியப்பாக இருக்கும். ரவைத் துப்பாக்கி இருபது முப்பது மீட்டரில் செய்யும் வேலைக்குத்தான் பெயர் பெற்றது. நூற்றைம்பது ஆண்டு பழைய வடிவம் ஒன்று அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதை வீழ்த்துகிறது என்றால், விசை எங்கே இருக்கிறது?

அதிக மருந்தில் இல்லை. இந்தப் போட்டிகளில் பெயர் பெற்ற .45-70 தோட்டா 1873-இல் வந்தது. 45 என்பது அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு விட்டம், 70 என்பது 70 கிரெயின் கருமருந்து, அதாவது சுமார் நான்கரை கிராம். இன்றைய துப்பாக்கிகளோடு ஒப்பிட்டால் வேகம் குறைவு. 32 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு 500 மீட்டரைக் கடக்க ஒன்றரை வினாடிக்கும் மேல் எடுக்கும், அதற்குள் பத்து மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிடும். எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்கிட்டுக் குறியை உயர்த்திவிடலாம், அதில் சிக்கலில்லை. ஆனால் ஒவ்வொரு குண்டும் ஒரே அளவு இறங்க வேண்டும். ஒன்று சற்று வேகமாகவும் அடுத்தது சற்று மெதுவாகவும் போனால், முதலாவது ஆட்டின் முதுகுக்கு மேலாகவும் அடுத்தது காலுக்குக் கீழாகவும் போய்விடும். துல்லியம் என்று இவர்கள் தேடுவது இந்த ‘ஒரே மாதிரி’யைத்தான்.

பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு நாள் ஆழமாகவும் மறுநாள் மேலாகவும் சீவினால் பாலும் சரியாக வராது, மரமும் காயப்படும். தினமும் அதே சாய்வு, அதே மெல்லிய சீவல். கைத்திறன் என்று ஊர் சொன்னது அதைத்தான்.

முதலில் கசடு. அதை வராமல் தடுக்க முடியாது, ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் ஒரே நிலையில் வைக்க முடியும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத் துணித்துண்டைக் குழலுக்குள் விட்டுத் துடைத்து, பின் காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. இன்னொன்று பார்ப்பதற்கு வேடிக்கையானது. வெடித்த தோட்டாவை எடுத்துவிட்டு, பின்பக்கத் திறப்பில் ஒரு சிறு குழாயைப் பொருத்தி, வாயால் நாலைந்து முறை மெதுவாக ஊதுவார்கள். மூச்சில் உள்ள ஈரம் பட்டுக் கசடு இளகும், அடுத்த குண்டு அதை வழித்துக்கொண்டு போகும். எத்தனை முறை ஊதினார்கள் என்பதைக்கூட எண்ணி வைத்திருப்பார்கள். நான்கு முறை என்றால் கடைசி வெடி வரை நான்குதான்.

இந்தக் கசடு உப்பைப் போலக் காற்றின் ஈரத்தை இழுக்கும். கெடாவில் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் வெயில் ஏறியதும் அது ஓடு போல் இறுகும், மழைக்கால விடியலில் தானாகவே சேறாகிவிடும். காலையில் சரியாக இருந்த கணக்கு மத்தியானம் பிசகும் என்றால் காரணம் இதுதான். போட்டிக்குப் போகிறவர்கள் வானிலையைப் பார்த்து ஊதும் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பார்கள். நம் ஊர் ஈரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. துடைக்காமல் விட்ட குழலுக்கு ஒரு ராத்திரி போதும், துரு ஏறிவிடும்.

அடுத்தது குண்டு. பலர் தாங்களே வார்க்கிறார்கள். ஈயத்தோடு இருபதில் ஒரு பங்கு அல்லது முப்பதில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ப்பது வழக்கம். வெடியின் தள்ளலில் அடிப்பாகம் சற்றே விரிந்து குழல் வரிகளை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு மென்மை வேண்டும், வரியில் பிய்ந்து போகாத அளவுக்கு உறுதியும் வேண்டும். அச்சு சூடாகாமல் ஊற்றினால் குண்டில் சுருக்கம் விழும், உள்ளே காற்றுக் குமிழ் தங்கும். குமிழ் உள்ள குண்டு சுழலும்போது ஆடும். வெளியே பார்த்தால் தெரியாது என்பதால் ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து, மற்றவற்றைவிட எடை குறைந்ததை மறுபடி சட்டியில் போட்டு உருக்குவார்கள். ஒரு கிரெயின் வித்தியாசத்தையே பார்க்கிறவர்கள் உண்டு, அது ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்குதான்.

குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் தேன்மெழுகும் கொழுப்பும் எண்ணெயும் கலந்த பசையை அப்புவது கசடை இளக வைக்கத்தான். பசை போதுமா என்பதைக் குழல் வாயே சொல்லும். சுட்டு முடித்ததும் அங்கே நட்சத்திரம் போல் பசைக்கோடுகள் படிந்திருந்தால் போதும். வறண்டிருந்தால் பாதி வழியிலேயே பசை தீர்ந்துவிட்டது.

மருந்தை நிரப்புவதிலும் அவசரம் கிடையாது. நீளமான ஒரு குழாயின் வழியே மருந்தை மெல்ல விழ வைப்பார்கள். அப்படி விழுந்த மணிகள் நெருங்கிப் படியும், படியில் அரிசியைத் தட்டி அளப்பது போல. அதன்மேல் ஓர் அட்டை வில்லை, கொஞ்சம் அழுத்தம், பிறகு குண்டு. கருமருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கவே கூடாது. இருந்தால் குறி தப்புவது சின்ன விஷயம், குழலே அந்த இடத்தில் புடைத்துவிடலாம். கருமருந்துத் துப்பாக்கியில் அதே அளவு புகையற்ற மருந்தைப் போடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. அழுத்தம் பல மடங்கு ஏறி, துப்பாக்கி சுடுபவரின் முகத்துக்கு எதிரே வெடிக்கும்.

குண்டின் நீளத்துக்கும் சுழற்சிக்கும் ஒரு கணக்கு உண்டு. பம்பரம் வேகம் குறைந்தால் தள்ளாடுவதைப் போலத்தான் குண்டும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி தேவை. வூல்விச்சில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில் 1879-இல் தந்த எளிய சூத்திரத்தைத் துப்பாக்கி செய்பவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு துப்பாக்கியில் அருமையாகப் போகும் குண்டு இன்னொன்றில் சிதறுவதற்குப் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மைதான் காரணம், சுட்டவரின் கையல்ல.

இவ்வளவும் செய்த பிறகு கண்ணும் காற்றும் மிச்சம். பின்பக்கக் குறிக்காட்டி நிமிர்ந்து நிற்கும் ஏணி போன்றது, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் ஏற்றி இறக்கலாம். முன்பக்கக் குறிக்காட்டியில் கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டம் போன்ற சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். அது அலங்காரம் இல்லை. துப்பாக்கி ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலே 500 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விலகிவிடும். காற்றைப் பார்க்கப் பக்கத்தில் தொலைநோக்கியோடு ஒரு துணையாள் உட்கார்ந்திருப்பார். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் சொல்ல, இவர் குறியை நகர்த்துவார்.

எல்லாம் சரியாக இருந்தும் தோற்ற கதை ஒன்று உண்டு. 1874 செப்டம்பர் 26-இல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. ஆறு பேர் வீதம், 800, 900, 1000 கெஜம். அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி மருந்திடும் துப்பாக்கியோடும், அமெரிக்கர்கள் பின்புறம் தோட்டா போடும் புதுவகையோடும் வந்தார்கள். முடிவு 934-க்கு 931, அமெரிக்கா வென்றது. அயர்லாந்தின் மில்னர் என்பவர் 900 கெஜத்தில் ஒரு குண்டை நடு மையத்தில் பதித்தார், ஆனால் பக்கத்து இலக்கில். அதற்குப் புள்ளி கிடையாது. தன் இலக்கில் பட்டிருந்தால் நான்கு புள்ளி, வெற்றி அவர்களுடையது.

மலேசியாவில் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பின்கட்டில் முயன்று பார்க்க வழியில்லை, கூடவும் கூடாது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், கருமருந்துக்கு 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம். உரிமம் இல்லாமல் தண்ணீர்க் குழாயில் துப்பாக்கி செய்து காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவர், சட்டத்தின் பார்வையில் ஆயுதம் தயாரித்தவர். மேலே சொன்ன அளவுகளை நினைத்துப் பார்த்தால் அந்தக் குழாயில் எதுவுமே அளந்ததில்லை என்பது புரியும். சுழல் வரி இல்லை, மருந்துக்குக் கணக்கில்லை, குழல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது. அது பன்றியைத் தவறவிடும் வாய்ப்பைவிடச் சுட்டவரின் விரலை எடுக்கும் வாய்ப்பு அதிகம். பன்றித் தொல்லைக்கு உரிமம் பெற்றவரை அழைப்பதோ வனவிலங்குத் துறையிடம் புகார் செய்வதோதான் வழி.

சுடுவதில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்குப் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது. அங்கே கசடும் இல்லை, புகையும் இல்லை. மூச்சு, நிற்கும் நிலை, விசையை இழுக்கும் விரல் மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்று போல் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அந்தப் பிரிவில்தான் தோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகள் வரை போனார்.

இன்னும் ஒன்று, பழைய தோட்டப் பகுதிகளில் வீடு இடிக்கும்போதோ வடிகால் தோண்டும்போதோ பச்சை படிந்த தோட்டா கையில் கிடைத்தால் என்ன செய்வது? துரு ஏறிவிட்டது, இனி வெடிக்காது என்று நினைக்க வேண்டாம். ஈரம் புகாமல் இருந்தால் கருமருந்து எத்தனை ஆண்டானாலும் வலு இழப்பதில்லை, கார்டைட்டையும் நம்ப முடியாது. தட்டிப் பார்ப்பது, தேய்ப்பது, குப்பையோடு எரிப்பது எதுவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கி, இடத்தை அடையாளம் வைத்து, அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொன்னால் அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.