திறையும் நினைவும்: சில இலத்தீன் வேர்ச்சொற்கள்

மறைந்த பெருமக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் 'டிரிபியூட்' என்னும் சொல்லைப் பெரிதும் கையாள்கின்றனர். நாம் அதனை 'அஞ்சலி' என்றும் 'புகழாரம்' என்றும் தமிழாக்கிக் கொள்கிறோம். ஆனால் அதே சொல்லுக்கு அகராதிகள் தரும் மற்றொரு பொருள், தோற்ற அரசன் வென்றவனுக்குச் செலுத்தும் 'திறை' என்பதாகும். திறையும் புகழுரையும் ஒரே சொல்லில் எவ்வாறு குடிபுகுந்தன? விடை காண, அச்சொல் பிறந்த உரோமாபுரிக்கே நாம் செல்ல வேண்டியுள்ளது.

இலத்தீனில் 'ட்ரிபூட்டம்' என்பது வரியைக் குறித்தது. உரோமக் குடிமக்கள் 'ட்ரிபஸ்' எனப்பட்ட பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். அவரவர் சொத்து மதிப்புக்கேற்ப, அப்பிரிவுகளின் வழியே தண்டப்பட்டதால் வரி இப்பெயர் பெற்றது என்கிறார் கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞரான வார்ரோ. வரலாற்றாசிரியர் லிவியோ, வரியிலிருந்தே பிரிவுகள் பெயர் பெற்றன எனக் கருதினார். 'பங்கிடுதல்', 'உரியதை அளித்தல்' எனப் பொருள்படும் 'ட்ரிபுவேரே' என்னும் வினையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

தொடக்கத்தில் இவ்வரியில் இழிவு ஏதுமில்லை. போர்ச் செலவுக்காகக் குடிமகன் அளித்த பங்கு அது. கி.மு. 187ஆம் ஆண்டில், ஆசியப் போரில் கிடைத்த செல்வத்தைக் கொண்டு, முன்னர்த் தண்டிய வரியில் திருப்பித் தரப்படாதிருந்த தொகை குடிமக்களுக்கு வழங்கப்பட்டது. கி.மு. 167இல் மாசிடோனிய வெற்றியால் பெருஞ்செல்வம் குவிந்தபின், குடிமக்களிடம் இவ்வரியைத் தண்டுவது நிறுத்தப்பட்டது. ஆட்சிக்குட்பட்ட அயல் நாட்டார் மட்டும் செலுத்தி வந்தனர். இவ்வாறு, உரிமையுள்ளோர் தந்த பங்கின் பெயர் பணிந்தோர் தரும் திறையின் பெயராக நிலைத்தது. ஒருவருக்கு நாம் செலுத்தக் கடமைப்பட்ட மதிப்பு என்னும் பொருள் பிற்காலத்தில் இதிலிருந்து விரிந்ததாகும்.

'ஹோமேஜ்' என்னும் சொல்லும் இத்தகையதே. 'மனிதன்' எனப் பொருள்படும் 'ஹோமோ' அதன் வேர். இடைக்கால ஐரோப்பாவில் ஒருவன் மண்டியிட்டு, கூப்பிய தன் கைகளைத் தலைவனின் கைகளுக்குள் வைத்து, 'நான் உம்முடைய ஆள்' என உறுதி கூறிய சடங்கின் பெயர் அது. இன்று கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் செய்யும் மரியாதையை அது குறிக்கிறது.

நினைவைக் குறிக்கும் சொற்களின் இயல்பு வேறு. 'ரிமெம்பர்', 'மெமோரியல்' ஆகியவை 'நினைவிற்கொண்ட' எனப் பொருள்படும் 'மெமோர்' என்பதன் வழிவந்தவை. அதன் வினையாகிய 'மெமோராரே' நினைவூட்டுதலையும் எடுத்துரைத்தலையும் ஒருங்கே சுட்டும். அரபியில் 'திக்ரு' என்பதும் உள்ளத்தால் நினைத்தல், நாவால் மொழிதல் ஆகிய இரண்டையும் குறிப்பது ஈண்டு நோக்கத்தக்கது. இவ்விரு சொற்களுக்கும் பிறப்பில் உறவில்லை, பொருளில் ஒன்றுபடுகின்றன. இன்று அலுவலகங்களில் புழங்கும் 'ரெக்கார்டு' என்னும் சொல்லோ 'ரெகோர்தாரி' என்பதிலிருந்து வந்தது. 'கோர்' என்றால் இதயம். மீண்டும் இதயத்திற்குக் கொணர்தலே அதன் வேர்ப்பொருள்.

எல்லாவற்றினும் சிந்திக்கத்தக்கது 'மொனுமென்டம்' என்பதாகும். 'நினைவூட்டு', 'எச்சரி' எனப் பொருள்படும் 'மொனேரே' அதன் வேர். உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம் நகருக்குள் அடக்கம் செய்வதைத் தடுத்தது. ஆகவே கி.மு. 312இல் தொடங்கப்பட்ட ஆப்பியச் சாலை போன்ற பெருவழிகளின் ஓரங்களில் கல்லறைகள் எழுந்தன. வழிப்போக்கருக்குத் தாம் வாழ்ந்திருந்ததையும், அவர்களும் இறப்புக்குரியவர்களே என்பதையும் உணர்த்தவே அவை சாலையோரம் நிற்கின்றன என விளக்கம் தருகிறார் வார்ரோ.

இவ்விரு சொற்குடும்பங்களும் மறைந்தோருக்கும் நமக்குமுள்ள இருவகை உறவுகளைக் காட்டுகின்றன. திறை செலுத்தியவன் கடன் தீர்ந்ததென வீடு திரும்பலாம். நினைவுச் சின்னமோ தன்னைக் கடந்து செல்பவனின் வாழ்வைப் பற்றி வினவுகிறது. நினைவு மலர்களும் இரங்கற் கூட்டங்களும் நம்மிடையே குறைவில்லை. அவற்றில் நாம் வழங்கும் புகழுரை அன்றோடு தீரும் திறையாகப் போகிறதா, மறைந்தவர் விட்டுச்சென்ற பணியை நமக்கு உணர்த்தும் எச்சரிக்கையாக நிற்கிறதா என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.