எதிரே கரடி

தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது ஒரே வகைக் கரடிதான். கறுத்த சடைமுடி, நீண்ட வெளிறிய மூஞ்சி, நெஞ்சில் பிறைபோல ஒரு வெள்ளைக் கீற்று. விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணையின் கரிசலிலும் பட்டாசு ஆலைகளுக்கு நடுவிலும் இதற்கு இடமில்லை. ஆனால் அதே மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஊர்களுக்குப் பின்னால் நிற்கும் மலை கரடி வாழும் காடு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது.

கூடாரம் போட்டுப் பொழுதைக் கழிக்க இங்கே யாரும் போவதில்லை. அதற்கு அனுமதியும் கிடையாது. காட்டிலும் காட்டோரத்திலும் இரவைக் கழிப்பவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தேன் எடுக்கும் பளியர்கள், அடிவாரத்து மாந்தோப்புகளில் காவல் கிடப்பவர்கள். சதுரகிரிக்குத் தாணிப்பாறை வழியாக ஏறும் பக்தர்களும் கரடி நடமாடும் தடத்தில்தான் நடக்கிறார்கள்.

கரடியின் முக்கிய உணவு கறையானும் எறும்பும். மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லாததால் வாயில் ஓர் இடைவெளி உண்டு. முன்னங்கால்களின் நீண்ட நகங்களால் புற்றைப் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சி எடுக்கும். கொல்லன் துருத்தி போன்ற அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். தலையைப் புற்றுக்குள் விட்டுத் தின்றுகொண்டிருக்கும் கரடிக்கு மனிதன் வரும் காலடி கேட்பதில்லை. நிமிர்ந்தால் ஆள் பக்கத்தில் நிற்கிறான்.

மான் என்றால் ஓடிவிடும். கரடி வேகமாக ஓடக்கூடியதுதான் என்றாலும், புலியோடும் சிறுத்தையோடும் ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய விலங்கு; நெருக்கத்தில் ஆபத்தென்று பட்டால் முதலில் பாய்வதே அதன் தற்காப்பு. முதுகில் குட்டிகளைச் சுமந்து திரியும் தாய்க்கரடியிடம் இது இன்னும் அதிகம். மனிதனைத் தின்பதற்காக அது தாக்குவதில்லை. காயங்கள் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழும். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே, இருசக்கர வாகனத்தில் போன வியாபாரி ஒருவரைக் கரடி கீழே தள்ளிக் கடித்தது. காப்பாற்றப் போன இருவரும் கடிபட்டார்கள்.

ஆகவே கரடிக்கு நம் வரவு முன்கூட்டியே தெரிய வேண்டும். கூட்டமாக, பேசிக்கொண்டே, கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு நடப்பது பழைய வழக்கம். ஆய்வாளர்கள் சொல்வதும் அதையேதான். விடியுமுன் டார்ச் இல்லாமல் தனியே புதர்ப்பக்கம் ஒதுங்குவது கூடாது. நாயைக் கூட்டிப்போவதும் வம்பு: கரடியைச் சீண்டிவிட்டு, அது துரத்த, நாய் எஜமானின் காலடிக்கே ஓடிவரும்.

சிவகாசி வட்டாரத்து ஆட்களுக்குச் சட்டென்று தோன்றும் யோசனை, வெடியைப் போட்டு விரட்டலாம் என்பது. தூரத்துச் சத்தம் கரடியை விலக வைக்கலாம். பத்தடியில் வெடிக்கும் சரம் அதை மிரட்டி ஆள்மேலேயே பாய வைக்கலாம். கோடையில் காய்ந்த போதைப்புல்லில் விழும் ஒரு பொறி மலையையே எரித்துவிடும். சரணாலயத்துக்குள் வெடிபொருளைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமும்கூட.

தங்கும் இடத்தில் எண்ணெய், வெல்லம், தேன், பழம் எதையும் திறந்து வைக்கக் கூடாது. நீலகிரியில் கோயில் கதவை உடைத்து விளக்குகளில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகள் அடிக்கடி செய்தியாகின்றன. மீந்த சோற்றைக் குடிசைப் பக்கத்தில் கொட்டுவதும் அழைப்பு விடுப்பது போலத்தான்.

கரடியைத் தூரத்தில் கண்டால் ஓடாமல், அதன் மேல் கண் வைத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும். பின்னங்காலில் எழுந்து நின்றால் மோப்பம் பார்க்கிறது என்றே அர்த்தம். மரம் ஏறிப் பயனில்லை, கரடியும் ஏறும். பாய்ந்தே வந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, முகத்தைத் தரையோடு அழுத்தி, அது விலகும்வரை அசையாமல் கிடப்பதையே கரடி ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்காவில் மலையேறுவோர் வைத்திருக்கும் மிளகாய்க்காரத் தெளிப்பான் இங்கே சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரத்தம் பீறிட்டால் முதலில் துணியால் அழுத்திப் பிடிப்பதே முக்கியம். நாய்க்கடிக்குப் போலவே இதற்கும் வெறிநோய்த் தடுப்பூசி அவசியம். தோலைக் கிழித்த காயமென்றால் அதோடு நோய் எதிர்ப்புப் புரத ஊசியையும் காயத்திலும் அதைச் சுற்றியும் போடுவார்கள்.