உஷார்! குட்டி டிராக்டருக்கு டயர் மாற்றப் போகிறீர்களா?

ஆடிப்பட்டம் நெருங்கினால் டயர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். மினி டிராக்டர் வைத்திருப்பவர்கள் வழுக்கையான டயரைக் கழற்றிவிட்டு, உழவுக்கு முன்னால் புதுசு மாட்டிவிடலாம் என்று கிளம்பும் நேரம் இது. போனதும் காதில் விழுகிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "உங்க சைஸ் ஸ்டாக் இல்லண்ணே. ஒரு சைஸ் பெருசு இருக்கு, நல்லா இழுக்கும், போட்டுக்குங்க."

அங்கேயே நில்லுங்கள்! உங்கள் வண்டி ஃபோர் வீல் டிரைவ் என்றால், அந்த ஒரு சைஸ் முன் அச்சின் பற்சக்கரங்களுக்கு உலை வைத்துவிடும். வேலை தடைபடக் கூடாதே என்று அவசரத்தில் மாட்டியதற்கு, சீசன் நடுவில் முன் அச்சைப் பிரித்துப் போட்டு உட்கார வேண்டி வரும்.

விஷயம் இதுதான். முன் டயர் சின்னது, பின் டயர் பெரியது. பின் சக்கரம் 10 சுற்று போனால் முன் சக்கரம் எத்தனை சுற்று போக வேண்டும் என்பதைப் பற்சக்கரக் கணக்கிலேயே கம்பெனி பூட்டி அனுப்பிவிடுகிறது. முன் சக்கரம் பின்னதைவிடப் பொடிக்கு வேகமாக, சுமார் 1 முதல் 5 சதவீதம் வரை முந்தி ஓட வேண்டும். அப்போதுதான் முன்னது இழுக்கும், பின்னது தள்ளும், ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்கும். பின்னால் பெரிய டயரை மாட்டினால் பின் சக்கரம் ஓட நினைக்கிற வேகத்துக்கு முன் சக்கரம் ஈடுகொடுக்காது. ஒரே வண்டிக்குள் இரண்டு அச்சும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். முன்னால் மட்டும் பெரிசாகப் போட்டால் இதே சண்டை எதிர்ப்பக்கம் நடக்கும்.

ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 37 அங்குல உயரமுள்ள பின் டயரில் ஒரே ஒரு அங்குலம் கூடினால் சுற்றளவு கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடும். கம்பெனி விட்டுவைத்த இடைவெளியே அவ்வளவுதான்!

இன்னொரு கண்ணி, பின் டயர் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கும்போது முன் ஜோடியை மட்டும் புதுசாக மாற்றுவது. மண்ணைப் பிடிக்கும் மேட்டுப் பட்டன் தேய்ந்தால் பின் டயரின் சுற்றளவு குறைகிறது. புது முன் டயர் முழு உயரத்தில் நிற்கிறது. சைஸ் நம்பர் அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தும் கணக்கு கெட்டுப்போகும். வேறு கம்பெனி டயர் என்றாலும் கவனம் வேண்டும். 8.3-20 என்றால் அகலம் 8.3 அங்குலம், ரிம் 20 அங்குலம் என்று மட்டுமே அர்த்தம். மாட்டிய பிறகு டயரின் மொத்த உயரம் எவ்வளவு என்பதை அந்த எண் சொல்லாது. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. மேடு பள்ளம் இல்லாத, கொஞ்சம் சறுக்கலான ஜல்லி மண் பாதையில் வண்டியை நிறுத்தி, முன் டயரிலும் பின் டயரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஃபோர் வீலைப் போடாமல் பின் சக்கரம் 10 சுற்று வரும்வரை ஓட்டி, முன் சக்கரம் எத்தனை சுற்று வந்தது என்று கூட ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஃபோர் வீலைப் போட்டு அதே 10 சுற்று. முதல் தடவை 15, இரண்டாம் தடவை பதினைந்தரை என்றால் சுமார் 3 சதவீதம் முந்துகிறது, நிம்மதியாக இருக்கலாம். இரண்டாவது எண்ணிக்கை முதலாவதைவிடக் குறைந்தால் அந்த முன்-பின் டயர்ப் பொருத்தத்தை உடனே மாற்றுங்கள்.

சேற்றில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. மண் இளகிக் கொடுப்பதால் சக்கரம் வழுக்கி சமாளித்துவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, மொத்த இறுக்கமும் பற்சக்கரத்தில்தான் இறங்கும். அதனால் டயர் சரியாகவே இருந்தாலும் ரோடு ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். லிவர் எந்தப் பக்கம் கிடக்கிறது என்றே பார்க்காமல் டிப்பரில் செங்கல் ஏற்றிக்கொண்டு பறக்கும் டிரைவர்களை என்ன சொல்வது!

அடுத்த அபாயம் பழைய டயர். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தை ஆழமாக வெட்டி, கறுப்பு பாலிஷ் அடித்து, புதுசு போல நிறுத்தியிருப்பார்கள். பார்வைக்குப் பட்டன் நிமிர்ந்து நிற்கும், உள்ளே நூல் அடுக்கு வரை வெட்டுப்பட்டிருக்கும். சீமைக் கருவேல முள் மண்டிய ராமநாதபுரம் பக்கத்து நிலத்தில் அப்படிப்பட்ட டயர் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. பள்ளத்தின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். நூல் தட்டுப்பட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும்: 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்த டயர். புது டயர் வாங்கினாலும் அதைப் பாருங்கள். குடோனில் வருஷக்கணக்கில் கிடந்த சரக்குதான் பல இடங்களில் தள்ளுபடி விலையில் வெளியே வருகிறது. பில்லில் டயரின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், வாரண்டி கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பட்டன் வகையிலும் ஏமாறாதீர்கள். ஆர்-1 என்பது பொது உழவுக்கானது, ஆர்-2 சேற்றுக்கானது. இதன் பட்டன் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. டெல்டாவின் களிமண்ணில் தொழி உழவு மட்டுமே செய்பவருக்கு ஆர்-2 சரி. பொள்ளாச்சி தென்னந்தோப்புக்கும் ஊருக்கும் நடுவே தார் ரோட்டில் நாலு நடை போகிறவர் அதை வாங்கினால் காசை ரோட்டில் தேய்க்கிறார் என்று அர்த்தம். அகலமான டயர் கேட்பவர்கள் மட்கார்டுக்கும் லிஃப்ட் கைக்கும் உள்ள இடைவெளியைக் கையால் அளந்துவிட்டுக் கேளுங்கள். மஞ்சளிலும் பருத்தியிலும் இடை உழவு செய்யத்தானே குட்டி வண்டி வாங்கினீர்கள்? பாரை மிதித்துக்கொண்டு போகிற டயர் எதற்கு?

காற்று அடிக்கும்போதும் விழிப்பு வேண்டும். 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் லாரி டயருக்கு அடித்துப் பழகிய கை, உங்கள் டயரையும் கல்லாக்கிவிடும். அப்புறம் நடுப் பட்டன் மட்டும் தரையைத் தொடும், சக்கரம் வழுக்கும், டீசல் வீணாகும். எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது, அதைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது திசையும் முக்கியம். பின்னால் நின்று பார்த்தால் பின் டயரின் பட்டன்கள் கூரை முகடு மாதிரி, கூர்முனை மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சேறு வெளியேறாமல் அப்பிக்கொள்ளும்.

இனி சொல்லப்போவது உயிர் சமாச்சாரம். டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராதபோது சிலர் காற்றை ஏற்றிக்கொண்டே போவார்கள். விளிம்பை உட்கார வைக்க 35 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது என்று பல டயர்களின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் டயருக்கு நேர் எதிரே யாரும் குனிந்து நிற்கக் கூடாது, குழந்தைகள் அந்தப் பக்கமே வேண்டாம்.

ரிம்மில் விரிசல், கேஜ் வீல் மாட்டும் பட்டை உடைந்தது என்று பட்டறைக்குப் போவீர்கள். "டயரைக் கழற்ற வேண்டாம், காத்தை மட்டும் இறக்கிட்டு ரெண்டு புள்ளி வச்சுடலாம்" என்பார்கள். காற்றை இறக்கியிருந்தாலும் வெல்டிங் சூட்டில் உள்ளே ரப்பர் கருகி, தீப்பிடிக்கும் வாயு அடைபட்டு, டயர் குண்டு போல வெடிக்கும். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள். டயரை ரிம்மிலிருந்து முழுசாகப் பிரித்த பிறகுதான் வெல்டிங். மறுத்தால், பட்டறைக்காரர் சொந்த மாமனாகவே இருந்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.