விக்கி ரெடி... பேக்கப் எங்கே பாஸ்?

நாலு பேர் சேர்ந்து ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒண்ணு ஆரம்பிச்சாச்சு. கோடு சூப்பரா ஓடுது. ஆனா, அதை எப்படி இன்ஸ்டால் பண்றதுன்னு புதுசா வர்றவர் எங்கே போய்ப் படிப்பார்? 'ஒரு விக்கி போட்டுடலாம் மச்சி'ன்னு ஒருத்தர் சொல்வார். உடனே, எந்த விக்கி அழகா இருக்குன்னு பட்டிமன்றம் களைகட்டும். கொஞ்சம் பொறுங்க ஃப்ரெண்ட்ஸ்... ஜென்டூ லினக்ஸ் கதையைக் கேட்டுட்டு முடிவெடுங்க!

சாஃப்ட்வேரை சோர்ஸ் கோடிலிருந்து நம்ம கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்ய வைப்பதுதான் ஜென்டூவின் ஸ்டைல். வழிகாட்டிக் குறிப்புகள் இல்லாவிட்டால் திண்டாட்டம்தான். ஜென்டூ குழுவிடம் அதிகாரபூர்வ ஆவணங்கள் இருந்தன. ஆனால், அவற்றில் யார் வேண்டுமானாலும் நேரடியாகக் கை வைக்க முடியாது. அதனால் பயனாளர்களின் அனுபவக் குறிப்புகள் எல்லாம், குழுவின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு தனி விக்கியில் குவிந்தன. 2008-ல் அந்த சர்வரின் டேட்டா காலி. உருப்படியான பேக்கப்பும் இல்லை! தேடுபொறிகள் சேமித்து வைத்திருந்த பழைய பிரதிகளில் இருந்து பொறுக்கியெடுக்க வேண்டிய நிலை. ஜென்டூ தன் பெயரிலேயே அதிகாரபூர்வ விக்கியைத் திறந்தது 2011-ல்தான். இன்று அதன் இன்ஸ்டாலேஷன் கையேடும் அங்கேதான் இருக்கிறது.

ஆக, விக்கி தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூணு.

சாவி யாரிடம்? அட்மின் பாஸ்வேர்டு ஒரே ஆளிடம் இருந்தால், அவர் வேலை கிடைத்துப் பறந்ததும் விக்கியும் அநாதை. குறைந்தது ரெண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

மூட்டை கட்ட முடியுமா? 2004-ல் பிறந்த டோக்குவிக்கி, பக்கங்களைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களாகவே வைக்கிறது, டேட்டாபேஸ் தேவையில்லை. அதன் ஃபோல்டரை காப்பி செய்தாலே பேக்கப் ரெடி! விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கிக்கு வசதிகள் ஏராளம். ஆனால் டேட்டாபேஸ், படங்கள், செட்டிங்ஸ் ஃபைல் எல்லாத்தையும் சேர்த்து எடுக்கணும். சின்ன டீமுக்கு முதலாவதே தாராளம்.

திருத்துவது ஈஸியா? ஒரு எழுத்துப்பிழையைச் சரிசெய்யக்கூட பத்து பேரிடம் அனுமதி கேட்கணும்னா, மக்கள் வேறு இடத்தில் எழுத ஆரம்பிச்சுடுவாங்க. ஜென்டூவில் நடந்தது அதானே!

மூணுக்கும் பதில் கிடைச்சாச்சா? அப்படியே அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்க. பக்கங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தால்... கலரையும் லோகோவையும் பத்தி இப்போ தாராளமா சண்டை போடலாம்!